ஐடில் ஆடும் பழைய சான்ட்ரோ: கிளீனர் ஸ்ப்ரேயும் இஎல்எம்327 அடாப்டரும் எதுவரை கைகொடுக்கும்?

சிக்னலில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் நிற்கும்போது ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று வேகம்) முள் 600க்கும் 1,100க்கும் இடையே ஏறி இறங்குகிறது. ஏசி போட்டால் வண்டி ஆஃப் ஆகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "ஐடில் மோட்டார் போச்சு சார், மாத்திடலாம்." சில ஆயிரம் ரூபாய் செலவாகும். மாற்றிய பிறகும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் அடுத்து சென்சார், அதற்கடுத்து ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) என்று பட்டியல் நீளும்.

மோட்டாரில் கை வைப்பதற்கு முன் வாங்க வேண்டிய பொருட்கள் இரண்டு. ஒன்று, இன்ஜினுக்குப் போகும் காற்றைத் தட்டு வைத்துக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்கான கிளீனர் ஸ்ப்ரே, 500 மில்லி டப்பா, 250 முதல் 500 ரூபாய். இன்னொன்று ஈசியூவின் அளவுகளை ஃபோனில் காட்டும், இஎல்எம்327 என்று விற்கும் ப்ளூடூத் ஓபிடி அடாப்டர், 300 ரூபாயில் தொடங்கி ஆயிரத்துக்குள். இரண்டும் அவற்றின் விளம்பரத்தில் சொல்லும் அளவுக்கு மாயம் செய்வதில்லை. ஆனால் எதற்கு எதை எடுப்பது என்று தெரிந்தால் இரண்டும் போட்ட காசுக்கு மேலேயே உழைக்கும். இங்கே எடுத்துக்கொண்ட வண்டி இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங்: 1,086 சிசி, நான்கு சிலிண்டர், எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜெக்டர்), கேபிள் இழுக்கும் த்ராட்டில். அதே காலத்து ஆல்டோ, ஜென், பழைய இண்டிகா பெட்ரோல் ஆகியவற்றுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

டப்பாவைத் திறக்கும் முன் ஆட்டம் எந்த வகை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். முள் சீராக ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால் காற்றுப் பக்கம் கோளாறு. முள் ஓரளவு நிலையாக நின்று, சைலன்சர் சத்தத்தில் மட்டும் இடையிடையே ஒரு 'டப்' விழுந்தால் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விடுகிறது. பிளக், பிளக் வயர், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் பக்கம் பார்க்க வேண்டும். முள்ளும் அசையவில்லை, சத்தமும் சீராக இருக்கிறது, ஸ்டீயரிங்கும் சீட்டும் மட்டும் அதிர்கின்றன என்றால் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் உட்கார்ந்துவிட்டது. கடைசி வகைக்கு ஸ்ப்ரேயும் வேண்டாம், அடாப்டரும் வேண்டாம். ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரிவர்ஸ் போட்டு கிளட்சை லேசாக விட, இன்னொருவர் பானெட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்று பார்த்தால் இன்ஜின் எகிறுவது கண்ணிலேயே தெரியும். ஆல்டோ, 800 போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகள் புதிதாக இருந்தபோதே கொஞ்சம் அதிர்ந்தவைதான். அதைக் கோளாறு என்று நினைத்துக் காசு செலவழிக்க வேண்டாம்.

முதலில் ஸ்ப்ரே. ஐடிலில் த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியே இருக்கும். இன்ஜினுக்குப் போகும் காற்று தட்டின் விளிம்பை ஒட்டிய மெல்லிய இடைவெளி வழியாகவும், ஐடில் மோட்டார் திறந்துவிடும் பைபாஸ் வழியாகவும்தான் போகிறது. இன்ஜினுக்குள்ளிருந்து பிசிவி ஹோஸ் வழியே வரும் ஆயில் ஆவி அந்த விளிம்பில் கறுப்புப் பிசினாகப் படிகிறது. விளிம்பு அடைக்க அடைக்க ஈசியூ பைபாஸை இன்னும் திறந்து ஈடுகட்டும். வெளியே ஒன்றும் தெரியாது. அந்த பைபாஸும் அழுக்கேறி, திறப்பதற்கு மிச்சம் இல்லாத நாளில் ஏசி கம்ப்ரஸர் லோடு ஏறியதும் வண்டி நின்றுவிடும். 'நேற்றுவரை நன்றாக இருந்தது' என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கடையில் ஒரே அலமாரியில் கார்புரேட்டர் கிளீனர், த்ராட்டில் பாடி கிளீனர் இரண்டும் இருக்கும். எம்பிஎஃப்ஐ வண்டிக்கு இரண்டாவதை எடுங்கள். கார்ப் கிளீனரில் அசிட்டோன், டொலுவீன் போன்ற கரைப்பான்கள் காரமாக இருக்கும். பித்தளை ஜெட்டுக்கு அது நல்லது, ரப்பர் ஓ-ரிங்குக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஆகாது. லேபிளில் ஆக்ஸிஜன் சென்சாருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் பாதுகாப்பானது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்ரோ, 3எம், வூர்த், லிக்வி மோலி என்று பெயர்கள் பல. ஐடில் வேலையைப் பொறுத்தவரை பிராண்டுகளுக்கு இடையே உள்ள வித்தியாசம், விலையில் உள்ள வித்தியாசத்தைவிடக் குறைவு. இரண்டு விஷயம் போதும். நாசிலோடு வரும் சிவப்புக் குழாய் இறுக்கமாக நிற்க வேண்டும். தளர்வாக இருந்தால் முதல் அழுத்தத்திலேயே மேனிஃபோல்டுக்குள் (காற்று சிலிண்டர்களுக்குப் பிரியும் குழாய்) பறந்துவிடும். அடுத்து, ஒரு கண்ணாடித் துண்டில் கொஞ்சம் அடித்து ஒரு நிமிடம் காயவிட்டால் எண்ணெய்ப் பசை இல்லாமல் மறைய வேண்டும். சாதாரண டபிள்யூடி-40 இந்த வேலைக்கு ஆகாது. அது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலத்தில் ஒரே மாதத்தில் தூசி திரும்பச் சேரும்.

சுத்தம் செய்ய முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். இன்ஜின் ஆஃப், கை வைக்கும் அளவு சூடு தணிந்திருக்க வேண்டும், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ரப்பர் டக்டின் கிளிப்பைத் தளர்த்தி எடுத்தால் தட்டு தெரியும். ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுக்கும் அரைவட்டத்தைக் கையால் திருப்பி, தட்டைத் திறந்தபடி பிடியுங்கள். நேராக உள்ளே பீய்ச்சாமல் பஞ்சு உதிராத துணியை நனைத்து, தட்டின் முன்பக்கம், பின்பக்கம், பிறகு தட்டு மூடும்போது உட்காரும் வளையம் என்று துடைத்து எடுங்கள். பிசின் தடித்திருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ். கம்பி பிரஷும் உப்புத்தாளும் கிட்டவே வரக்கூடாது. சில த்ராட்டில் பாடிகளில் உள்ளே மெல்லிய பூச்சு உண்டு, அது போனால் தட்டு சரியாக மூடாது. தட்டு நிற்கும் ஸ்டாப்பர் ஸ்க்ரூவில் பெயின்ட் முத்திரை இருக்கும். அதைத் திருகி ஐடிலை ஏற்றுவது சாலையோர வைத்தியம். அதன் பிறகு த்ராட்டில் சென்சார் 'மூடிய நிலை' என்று சொல்லாது, ஈசியூ ஐடில் கட்டுப்பாட்டுக்கே வராது. ஏற்கெனவே யாரோ திருகியிருந்தால் நீங்கள் எவ்வளவு சுத்தம் செய்தாலும் ஆட்டம் போகாது.

ஐடில் மோட்டார் த்ராட்டில் பாடியோடு ஒட்டி இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். ஸ்க்ரூ தலைகள் மென்மையானவை, பொடிந்துவிடும். சரியான அளவு பிட்டை வைத்து, அதன் பின்புறத்தில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருப்புங்கள். வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து அடிக்க வேண்டும், கரைப்பான் காயில் பக்கம் இறங்கக்கூடாது. ஊறப் போடவே கூடாது. உள்ளே சுழலும் கதவு கையால் தள்ளினால் தடையில்லாமல் ஆட வேண்டும். மூன்று பின் வகையாக இருந்தால் மல்டிமீட்டரில் நடுப் பின்னுக்கும் ஓரப் பின்களுக்கும் இடையே பாருங்கள்: இரண்டு காயிலும் ஏறக்குறைய 10 முதல் 16 ஓமுக்குள் வந்தால் மோட்டார் உயிரோடு இருக்கிறது. ஒரு பக்கம் முழுக்க ஓபன் காட்டினால்தான் மெக்கானிக் சொன்னது சரி. கேஸ்கெட் கிழிந்திருந்தால் புதிது போடுங்கள், இல்லையென்றால் சுத்தம் செய்த கையோடு புது லீக்கை உண்டாக்கியிருப்பீர்கள். ஒரு வண்டிக்கு 150 முதல் 200 மில்லி போதும்.

மாட்டிய பிறகு முதல் ஸ்டார்ட் திணறும், கொஞ்சம் புகை வரும். ஐடில் முன்பைவிட ஏறி 1,200 வரைகூட நிற்கும். பயப்பட வேண்டாம், ஈசியூ அழுக்குக்குப் பழகி பைபாஸை அகலத் திறந்து வைத்திருக்கிறது. பேட்டரி கழன்று கால் மணி நேரமாவது இருந்திருந்தால் பழைய கணக்கு அழிந்திருக்கும். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். பிறகு ஏசி போட்டு ஐந்து நிமிடம். ஸ்டீரியோவுக்குப் பாதுகாப்புக் கோடு (code) உண்டு என்றால் முன்னமே எடுத்து வையுங்கள்.

இதே டப்பாவுக்கு இரண்டாவது வேலை ஒன்று உண்டு, லீக் தேடுவது. ஐடிலில் விட்டு, த்ராட்டில் பாடி கேஸ்கெட், இன்டேக் மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடம், இன்ஜெக்டர் அடி ஓ-ரிங், பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸின் வளைவு என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு நொடி மட்டும் அடியுங்கள். எங்கே அடித்ததும் இன்ஜின் சுருதி மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. சொல்வதற்கு எளிது. ஆனால் இது பற்றிக்கொள்ளும் திரவம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பழுத்திருக்கும், பழைய பிளக் வயரில் பொறி கசியும். தீயணைப்பான் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள், எக்ஸாஸ்ட் பக்கம் அடிக்கவே அடிக்காதீர்கள். ஹோஸ்களுக்கு ஸ்ப்ரே தேவையுமில்லை: மூக்கு பிளையரில் துணி சுற்றி ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தாலே தெரியும். பூஸ்டர் ஹோஸை நசுக்கியதும் ஐடில் அடங்கினால் பூஸ்டர் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அது ஐடில் பிரச்சினை மட்டுமல்ல, பிரேக் பிரச்சினை. அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

லீக் இருக்கும் வண்டியின் ஆட்டத்துக்குத் தனி தாளம் உண்டு. முள் 1,000க்கும் 1,800க்கும் இடையே நிதானமாகப் போய்வரும். கணக்கில் வராத காற்று நுழைந்து ஆர்பிஎம் ஏறுகிறது. த்ராட்டில் மூடியிருக்க வேகம் மட்டும் அதிகம் என்றால் ஈசியூவுக்கு அது இறக்கத்தில் உருளும் வண்டி, உடனே பெட்ரோலை வெட்டும். ஆர்பிஎம் விழும், பெட்ரோல் திரும்ப வரும், மறுபடி ஏறும். இந்தத் தாளம் கேட்டால் மோட்டாரை விட்டுவிட்டு ஹோஸைத் தேடுங்கள்.

ஸ்ப்ரே எடுபடாத இடங்களையும் சொல்ல வேண்டும். மிஸ்ஸிங்குக்கு அது ஒன்றும் செய்யாது. சிஎன்ஜி, எல்பிஜியில் ஓடிய வண்டிகளில் வால்வ் சீட் தேய்ந்து வால்வ் கிளியரன்ஸ் (இடைவெளி) இறுகிவிடும். சூடானதும் ஐடில் கரகரத்து, ரேஸ் கொடுத்தால் சரியாகிவிடும். அதற்கு ஃபீலர் கேஜால் இடைவெளியை அளந்து சரிசெய்வதுதான் மருந்து. டேங்கில் ஊற்றும் பாட்டில்கள் இன்ஜெக்டர் மூக்குக்கு ஓரளவு உதவலாம், ஆனால் பெட்ரோல் த்ராட்டில் தட்டைத் தொடுவதே இல்லை. அங்கே இருக்கும் அழுக்கை டேங்கில் ஊற்றியது எப்படி எடுக்கும்? ஒர்க்‌ஷாப்களில் சில ஆயிரத்துக்கு விற்கும் 'டிகார்பனைசிங்' சேவைக்கும் இதே கேள்விதான். த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கையால் துடைப்பது அந்த பேக்கேஜில் சேருமா என்று கேளுங்கள். சேராது என்றால் ஐடிலுக்காக அதை வாங்காதீர்கள்.

இனி அடாப்டர். இஎல்எம்327 என்பது கனடாவின் இஎல்எம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப். அந்த நிறுவனம் 2022ல் மூடப்பட்டது. சந்தையில் இந்த விலைக்குக் கிடைப்பதெல்லாம் நகல். 'வி1.5' என்று பெரிதாக எழுதியிருப்பார்கள்; அசல் நிறுவனம் அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. வேடிக்கை என்னவென்றால் அந்த இல்லாத 1.5தான், பல 'வி2.1' நகல்களைவிடப் பழைய வண்டிகளோடு நன்றாகப் பேசும். 2.1 என்று வரும் மலிவு நகல்களில் கேன் பஸ்ஸுக்கு (புது வண்டிகள் ஸ்கேனரோடு பேசும் முறை) முந்தைய நெறிமுறைகளை வெட்டிவிட்டிருப்பது சகஜம், பழைய சான்ட்ரோவுக்குத் தேவை அந்தப் பழைய முறைகளில் ஒன்றான கே-லைன்தான். திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள கடையில் வாங்குங்கள். ஐஃபோன் என்றால் சாதாரண ப்ளூடூத் அடாப்டர் ஆகாது, வைஃபை வகை பாருங்கள்.

வண்டி எந்த ஆண்டு என்பது இங்கே முக்கியம். சென்னை போன்ற பெருநகரங்களில் 2010 ஏப்ரலில் பிஎஸ்4 மாசு விதி வந்தபோது ஓபிடி-1 (வண்டி தன் கோளாறைத் தானே கண்டறியும் முறை) கட்டாயமானது, ஓபிடி-2 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டிகளில் டேஷ்போர்டுக்கு அடியில் 16 பின் சாக்கெட் இருந்தாலும், கம்பெனி ஸ்கேனரோடு மட்டும் பேசும் ஈசியூ இருக்கலாம். செருகியதும் அடாப்டரில் விளக்கு எரிவதை வைத்து முடிவுசெய்யாதீர்கள், அது பேட்டரி கரன்ட் வருகிறது என்பதற்கு மட்டும் சாட்சி. இணைந்தாலும் கே-லைன் மெதுவானது. டார்க், கார் ஸ்கேனர் போன்ற ஆப்களில் இருபது மீட்டரைத் திரையில் அடுக்கினால் ஒவ்வொன்றும் பல நொடிக்கு ஒரு முறைதான் மாறும், ஆடும் ஐடிலைப் பிடிக்கவே முடியாது. நான்கு போதும்: ஆர்பிஎம், கூலன்ட் வெப்பம், மேனிஃபோல்டு பிரஷர், ஃப்யூவல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு).

கூலன்ட் வெப்பத்தை முதலில் பாருங்கள். இருபது நிமிடம் ஓட்டிய பிறகும் 60, 65 டிகிரியிலேயே நிற்கிறதா? யாரோ 'ஹீட்டிங்' பிரச்சினைக்கு வைத்தியமாகத் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்திருக்கிறார்கள். நம் ஊரில் இது மிகச் சாதாரணம். இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று நம்பும் ஈசியூ ஐடிலை ஏற்றியே வைக்கும், பெட்ரோலையும் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் குறைவு, ஐடில் ஏற்றம் இரண்டும் சேர்ந்து வந்தால் இதுதான். புதுத் தெர்மோஸ்டாட் போட்டதும் வெப்பம் 85க்கு மேல் போய் நிற்க வேண்டும். மைனஸ் 40 என்று காட்டினால் சென்சார் வயர் அறுந்திருக்கிறது.

மேனிஃபோல்டு பிரஷர் சூடான ஐடிலில், ஏசி இல்லாமல், சமவெளியில் 30 முதல் 40 கிலோபாஸ்கல். 50ஐத் தாண்டினால் லீக், டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளியது, கம்ப்ரஷன் குறைவு என்று மூன்றையும் சந்தேகிக்க வேண்டும்.

ஃப்யூவல் ட்ரிம்மில்தான் பலரும் தவறான முடிவுக்குப் போகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் காற்றோட்ட சென்சார் உள்ள வண்டிகளுக்கானவை: லீக் இருந்தால் ஐடிலில் ட்ரிம் பிளஸ் 20க்குப் போகும், 2,500 ஆர்பிஎம்மில் இறங்கும். சான்ட்ரோவில் காற்றோட்ட சென்சார் கிடையாது, மேனிஃபோல்டு பிரஷரை வைத்தே பெட்ரோல் கணக்கு. லீக் வழியே காற்று வந்தாலும் பிரஷர் ஏறும், ஈசியூ அதற்கேற்ற பெட்ரோலைத் தானே சேர்த்துவிடும். அதனால் ட்ரிம் சாதுவாக இருக்க, ஐடில் மட்டும் ஏறி நிற்கும். ட்ரிம் நன்றாக இருக்கிறது, எனவே லீக் இல்லை என்று இந்த வண்டியில் முடிவுசெய்யக்கூடாது. இன்னொரு குழப்பம் இப்போது பங்க்கில் வரும் இ20. 20 சதவீத எத்தனால் கலந்தால் அதே காற்றுக்குச் சுத்தப் பெட்ரோலைவிட 7, 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். பழைய ஈசியூ அதை லாங் டெர்ம் ட்ரிம்மில் ஏற்றிக்கொள்ளும். ஐடிலிலும் 2,500லும் ஒரே மாதிரி பிளஸ் 5, 6 காட்டினால் அது எரிபொருளின் கணக்கு, கோளாறு இல்லை. த்ராட்டில் சென்சார் மூடிய நிலையில் 10, 12 சதவீதம் காட்டுவதும் இயல்புதான், பூஜ்யத்தை எதிர்பார்க்காதீர்கள்.

அடாப்டர் காட்டும் பிழைக் கோடுகளில் (code) பி0505, பி0506, பி0507 மூன்றும் ஐடில் கட்டுப்பாடு தன் எல்லைக்குள் இல்லை என்று மட்டும் சொல்கின்றன. மோட்டார் கெட்டது என்று அவற்றுக்கு அர்த்தம் இல்லை. அழுக்குத் தட்டுக்கும் இதே கோடு வரும். பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண் சிலிண்டரின் எண். அதை உறுதிசெய்ய இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், எதைக் கழற்றியும் இன்ஜின் தளரவில்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம். ஷாக் ஒரு பக்கம், எரியாத பெட்ரோல் போய்க் கன்வெர்ட்டரைப் பொசுக்குவது மறுபக்கம். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள், ஒரு வாரம் நிற்கும் வண்டியின் பழைய பேட்டரியை அது காலிசெய்துவிடும்.

கார்புரேட்டர் 800 வைத்திருப்பவர்கள் அடாப்டர் காசை மிச்சம் பிடிக்கலாம், செருக இடமே இல்லை. அங்கே ஸ்ப்ரேதான் ராஜா, அதிலும் காரமான கார்ப் கிளீனர்: ஸ்லோ ஜெட்டும் ஐடில் கட்-ஆஃப் சாலினாய்டின் நுனியும் சுத்தமானாலே பாதி வேலை முடிந்தது.

இத்தனைக்கும் பிறகு காயில் ஓபன் என்று மீட்டர் சொன்னால் மோட்டாரை வாங்கித்தான் ஆக வேண்டும். புதிது என்றால் ஹூண்டாயின் அசல் பாகங்கள் வரும் மோபிஸ் பெட்டியில் வருவதை எடுங்கள். பாதி விலை நகல்களில் கதவு உட்காரும் இடம் துல்லியமாக இருப்பதில்லை, ஐடில் 1,000க்குக் கீழே இறங்காது. சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழையது எடுப்பதானால் மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் முன்னாலேயே இரண்டு காயிலையும் அளந்து, கதவைத் தள்ளிப் பார்த்து, கனெக்டரின் லாக் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒர்க்‌ஷாப்பில் மாற்றினால் கழற்றிய பழைய மோட்டாரைக் கேட்டு வாங்கி வந்து அதையும் ஓமில் அளந்து பாருங்கள். சுத்தம் செய்தால் ஓடக்கூடியதாக இருந்தால் டிக்கியில் ஸ்பேராகக் கிடக்கட்டும்.